அலைன்மென்ட் அண்ணன்

ஊருக்கு ஒருவர் இருப்பார். ஃப்ளெக்ஸ் கடையிலோ கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்திலோ கோரல்டிரா என்ற வடிவமைப்பு மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, மூக்கு மானிட்டரில் முட்டக் குனிந்திருப்பார். "அண்ணே, பேனர் ரெடியா?" என்றால், "ரெடிதான் தம்பி, லேசா இடிக்குது" என்பார். எங்கே இடிக்கிறது என்பது அவர் கண்ணுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

1989-இல் கனடாவில் பிறந்த கோரல்டிராவில் புதுப்புதுப் பதிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. அண்ணன் பழசை விடமாட்டார். விரல் பழகிவிட்டது. எல் தட்டினால் இடது ஓரம், ஆர் தட்டினால் வலது, பி தட்டினால் பக்கத்தின் நட்டநடு. ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொடும்போது, கடைசியாகத் தொட்டது நகராது. மற்றதெல்லாம் அதை ஒட்டி வந்து நிற்கும். இது தெரியாத புதுப்பையன் ஒருநாள் தொண்டர் படத்தைக் கடைசியாகத் தொட்டுவிட்டான். தலைவர் இறங்கிவந்து தொண்டர் வரிசையில் நின்றார். கட்சியில் நடக்காதது கோரலில் நடந்தது.

சமமாகப் பரப்புவதில்தான் அண்ணனின் முழுப் புலமையும் வெளிப்படும். நடுப்புள்ளிக்கு நடுப்புள்ளி ஒரே தூரம் வைப்பது ஒரு கணக்கு. ஓரத்துக்கு ஓரம் ஒரே இடைவெளி விடுவது இன்னொரு கணக்கு. படங்கள் ஒரே அகலமாக இருந்தால் இரண்டும் ஒன்றுதான். அரசியல் பேனரில் அது நடக்குமா? மாவட்டம் ஆளுயரம், ஒன்றியம் பாதி, கிளைச் செயலாளர் பாஸ்போர்ட் சைஸ். முதல் கணக்கில் பரப்பினால் மாவட்டத்தின் தோள் ஒன்றியத்தின் காதில் இடிக்கும். கிளைக்கு இரண்டு பக்கமும் காலி மைதானம். அதனால் அண்ணன் இடைவெளிக் கணக்குக்குப் போய், இழுத்துச் சரிபார்த்து, நாற்காலியில் சாய்வார்.

அப்போது பார்த்துக் காசு கொடுப்பவர் வருவார்.

"என்னண்ணே, ஒன்றியம் நம்மகிட்ட இவ்வளவு ஒட்டி நிக்குது? கொஞ்சம் தள்ளிப் போடுங்க."

"தள்ளினா கேப் கெட்டுடும்ங்க."

"அது போன தேர்தல்லயே கெட்டுப்போச்சு. தள்ளுங்க."

அன்று அண்ணன் சாப்பாட்டில் கை வைக்கமாட்டார்.

இதில் தமிழ் எழுத்துகளின் குறும்பு வேறு. எழுத்தைக் கர்வாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக, ஆக்கிவிட்டால் மென்பொருள் அதைச் சுற்றி ஒரு பெட்டியைத்தான் பார்க்கும். 'அழகு'வில் ழவும் குவும் கீழே காலைத் தொங்கவிடும். 'கமலா' சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பாள். இரண்டு பெட்டிகளையும் நடுவாக்கினால் அழகு ஒரு பிடி மேலே ஏறி நிற்பான். கம்ப்யூட்டர் சரி என்னும், அண்ணன் ஒப்பமாட்டார். அம்புக்குறி விசையைத் தட்டித் தட்டி அவனைக் கீழே இறக்குவார். உண்மையைச் சொன்னால், இந்த இடத்தில் அண்ணன் கட்சிதான் நானும். நல்ல வடிவமைப்புக்குக் கண்தான் கடைசித் தீர்ப்பு.

வம்பு எங்கே என்றால், அண்ணன் எழுத்தைப் பார்ப்பாரே தவிரப் படிக்கமாட்டார். மாப்பிள்ளைக்கு அடித்த வரியை அப்படியே டூப்ளிகேட் எடுத்துப் பெண் பக்கம் வைத்து, பெயரை மட்டும் மாற்றுவார். அளவு ஒத்துப்போக வேண்டுமே! பத்திரிகையில் மாப்பிள்ளையும் திருநிறைச்செல்வன், பெண்ணும் திருநிறைச்செல்வன். பெண்ணின் அப்பா பத்திரிகைக் கட்டோடு வந்து கத்தினால், அண்ணன் நிதானமாகக் கேட்பார்:

"செல்வின்னு மாத்தினா அந்தப் பக்கம் வரி குட்டையாயிடுமே சார், பரவாயில்லையா?"

உங்கள் வீட்டு விசேஷத்துக்கும் தாராளமாக அவரிடமே போங்கள். அவ்வளவு சுத்தமாக வேறு யாரும் செய்து தரமாட்டார்கள். புரூஃப் மட்டும் நீங்களே பாருங்கள்.