ரெண்டு ரிங் விட்டா கூப்பிடு

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒரு காலத்தில் சக்கைப்போடு போட்ட தொலைபேசிச் சேவைக்கு யாரும் ஒரு பைசாகூடக் கட்டியதில்லை. அதுதான் மிஸ்டு கால்.

1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கொல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமைச் செல்போனில் அழைத்தார்; இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு அது. அந்த நாளில் பேசுகிறவருக்கும் காசு, கேட்கிறவருக்கும் காசு. தேனிப் பக்கமிருந்து தையலுக்கு வந்தவருக்கு வாய்த்தது எஸ்.டி.டி. பூத்தும், ஊரில் பக்கத்து வீட்டு பி.பி. நம்பரும்தான். முதல் கால், "எங்கம்மாவைக் கூப்பிடுங்க" என்பதற்கு. பத்து நிமிடம் கழித்து அடுத்த கால், அம்மாவுக்கு. அப்போதும் காது அம்மாவிடம், கண் சிவப்பு எண் ஓடும் மீட்டரில்.

2003 மே மாதம் முதல், வருகிற காலுக்குக் காசில்லை என்றானது. அப்புறம் மிஸ்டு காலுக்குத் தனி இலக்கணமே உருவானது. தீபாவளி போனஸ் வாங்கி பஸ் ஏறுகிறவர் அறை நண்பரிடம் சொல்லிவிட்டுத்தான் போவார்: "ஒரு ரிங் விட்டா ஊர் வந்துட்டேன். ரெண்டு விட்டா கூப்பிடு. எடுத்து மட்டும் தொலைச்சிடாதே." சனிக்கிழமை சம்பளத்துக்கு முன்னால் டெய்லர் மிஸ்டு கால் விடுவார். சம்பளம் வாங்கியதும் அவருக்கு மிஸ்டு கால்கள் வரும்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரே எதிரி பாட்டி.

பேரன் கூப்பிடுவான் என்று போனை மடியிலேயே வைத்திருந்து, முதல் மணியிலேயே பச்சை பட்டனை அமுக்கி, "யாரு சாமி?" என்பார். ஒரு விநாடி பேசினாலும் முழு நிமிடக் காசு போச்சு. 2009-இல் டாடா டொகோமோ விநாடிக்கு ஒரு பைசா என்று வந்த பிறகுதான் பாட்டியின் பாசம் மூன்று நான்கு பைசாவில் முடிந்தது.

டெய்லரின் சிக்கனத்தை மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். 2011-இல் அண்ணா ஹசாரே இயக்கம் மிஸ்டு காலில் ஆதரவு கேட்டது. 2014-இல் பா.ஜ.க. அதிலேயே உறுப்பினர் சேர்த்தது. மிஸ்டு காலை வைத்தே தொழில் நடத்திய பெங்களூரு ஜிப்டயலை 2015-இல் ட்விட்டர் விலைக்கு வாங்கியது. டெய்லருக்கு யாரும் ராயல்டி தரவில்லை.

2019-இல் செல்போன் கம்பெனிகளே மிஸ்டு காலுக்காக மல்லுக்கு நின்றன. மற்ற கம்பெனிகளின் வாடிக்கையாளர்கள் தினமும் 25 முதல் 30 கோடி மிஸ்டு கால் விடுகிறார்கள், திருப்பிக் கூப்பிடும் எங்கள் ஆட்களுக்காக அந்தக் கம்பெனிகளுக்கு நிமிடத்துக்கு 6 பைசா நாங்கள் அழுகிறோம் என்றது ஜியோ. நீங்கள்தான் மணியடிக்கும் நேரத்தைக் குறைத்து மிஸ்டு காலை வளர்க்கிறீர்கள் என்றார்கள் மற்றவர்கள். செல்போன் 30 விநாடியும் லேண்ட்லைன் 60 விநாடியும் அடிக்கட்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பஞ்சாயத்தை முடித்தது.

இப்போது ஓவர்லாக் மெஷின் மேல் நூல் கோனில் சாய்த்து வைத்த போனில் ஊர் அடுப்படி தெரிகிறது. குழம்பு கொதிப்பதுகூட நேரலை. சூப்பர்வைசர் தலை தெரிந்ததும் வீடியோ கட். ஊரில் இருப்பவருக்கு அர்த்தம் புரியும்: டீ டைமில் கூப்பிடு.