பையியல்: ஒரு சூத்திரமும் அதன் உரையும்

கட்டியபின் ஆட்டுக; ஆடின் மறுபடி கட்டுக; டீக்கடை வந்ததும் மீண்டும் ஆட்டுக.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், மோட்டார் சைக்கிளின் இருமருங்கும் தொங்கும் பைகள் ஊர் போய்ச் சேரும்வரை வண்டியோடு இருப்பதற்கான நெறி உணர்த்துதல் நுதலிற்று.

'இருமருங்கும்' என்றதால் இரு பைகளும் ஒரே சாதகம் என்று கொள்ளற்க. இடப்பைக்கு அரசாங்கமே தடுப்பு கொடுத்திருக்கிறது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி, பின்னால் உட்காருபவரின் துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு வேண்டும் என்கிறது. சேலையை உத்தேசித்து வந்த அந்தக் கம்பிக் கூண்டில் பை சொகுசாகச் சாய்ந்துகொள்ளும். வலப்பைக்கு வாய்த்ததோ பெரும்பாலும் சைலன்சர். வெறும் பையைக் கட்டும்போது நான்கு விரல் இடைவெளி தெரியும்; சாமான் ஏறியதும் பை தொய்ந்து அது ஒரு விரலாகும். கருகல் வாடை வந்தபின் செய்யும் சோதனை பிரேதப் பரிசோதனை எனப்படும்.

எதனால் கட்டுக? இதில் மும்மதம் உண்டு.

வெல்க்ரோ மதத்தின் ஆதிகுரு சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல். உடுப்பிலும் நாயின் ரோமத்திலும் ஒட்டிய முள்காயைக் கண்டு யோசித்து, 1955இல் காப்புரிமை பெற்றார். நம் வரப்புகளில் நாயுருவி காலங்காலமாக இதையே செய்தும், நாம் வேட்டியைத் தட்டிவிட்டுப் போய்விட்டோம். வெல்க்ரோவை நீளவாக்கில் இழுத்தால் உடும்புப்பிடி. ஓரத்திலிருந்து உரித்தால் சரசரவென்று வந்துவிடும். வேகத்தில் காற்று செய்வது உரிக்கும் வேலையை. புழுதி அடைந்துவிட்டால் உடும்பும் கைவிடும்.

டியூப் மதத்தார் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் இளநீர்க் குலை ஏற்றுபவர்கள். பழைய சைக்கிள் டியூபைக் கீறி வாராக்கிக் கட்டுவார்கள். மூட்டை குலுங்கிப் படிந்து ஓர் அங்குலம் இளைத்தால் கயிறு தொளதொளத்துவிடும். டியூபோ கூடவே சுருங்கிப் பிடிக்கும். அடியேனுக்கு இம்மதமே உடன்பாடு. வெயிலில் வெடிப்பது இதன் ஒரே குற்றம்: இழுத்துப் பார்த்தால் மெல்லிய கீறல்கள் வாய் திறக்கும்.

நைலான் வாரும் பிளாஸ்டிக் கிளிப்பும் கொண்ட மூன்றாம் மதத்தார், 'டக்' என்னும் ஓசையே பிரமாணம் என்பர். அது பொருந்தாது, ஒரு காது மட்டும் விழுந்தாலும் 'டக்' கேட்கும். கிளிப் கோணலாக நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பதே பிரத்தியட்சம். மிஞ்சிய வார்நுனியைத் தொங்கவிடுவது எம்மதத்துக்கும் சம்மதமில்லை. செயினோ பின்சக்கரமோ அதைச் சுருட்டினால் சக்கரம் நின்றுவிடும், ஆள் நிற்கமாட்டார். நுனியைச் சுருட்டி ரப்பர் பேண்டு போடுக. இவ்விடத்தில் உரையாசிரியருக்குச் சிரிப்பு வராது.

'டீக்கடை' என்றது மிகை எனின், அன்று. கிண்டியில் கட்டிய பை வண்டலூரில் வேறு பை. துணி படிந்திருக்கும், முடிச்சு இளகியிருக்கும், பிராக்கெட் நட்டும் அதிர்வில் கால் சுற்று தளர்ந்திருக்கலாம். புறப்படும்முன் செய்யும் சோதனை கட்டியவன் கைக்கு, இது கட்டுக்கு.

நிற்காமல் போவோர்க்கு விதி யாதோ எனின், சக ஆய்வாளர் மதிப்பீடு உண்டு. "சைடு ஸ்டாண்டு!" என்று ஊருக்கெல்லாம் அறிவிக்கும் அதே திருக்கூட்டம், "அண்ணே, பை தொங்குது!" என்றும் குரல் கொடுக்கும். எந்தப் பக்கத்துப் பை என்று நாம் கேட்பதற்குள், இண்டிகேட்டர் போடாமல் வலப்பக்கம் திரும்பிப் போயிருக்கும்.