பல்லு செத்த ராசாவும் காது செத்த மாப்ளையும்

வாரும் மாப்ளே, இப்படி வேப்பமூட்டுல உக்காரும். அங்கன இல்லவே, எனக்கு வலப்பக்கம். உமக்கு இடக்காதுதான் கொஞ்சம் தேவலைன்னு உம்ம அக்கா சொல்லியிருக்கா.

மூஞ்சியில என்ன, எள்ளும் கொள்ளும் வெடிக்கு? ‘ப்ளூடூத்து சேர மாட்டேங்கு அத்தான்’னு நீரு தெருமுக்குல வச்சுச் சொன்னது, நான் காது மெசினைக் கழத்தி வச்சிருக்கும்போதே கேட்டுட்டு. காது மந்தமானவன் ரகசியம் பேசுனா ஊருக்குத் தண்டோரா தேவையில்ல.

உம்ம மவன் மெட்ராஸ்ல இருந்து ஒரு சோடி உழவுமாட்டு வெலையக் கொடுத்து வாங்கி அனுப்புன மெசினு. அதைப் போட்டுக்கிட்டுப் போன் பேசலாம், பாட்டுக் கேக்கலாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னான். நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துது. இப்பம் ஒரு வாரமா, கோழி குப்பையக் கெளறுத மாதிரி அந்தப் போனைக் கெளறிக்கிட்டு இருக்கீரு. ஒண்ணை அமுக்குதீரு, ஆவலன்னா இன்னொண்ணை அமுக்குதீரு, அதுவும் ஆவலன்னா பேரனை வைதீரு. எதை அமுக்குனதுல எது கெட்டுதுன்னு அந்த ப்ளூடூத்து ராசாவே எந்திரிச்சு வந்தாலும் சொல்ல முடியாது.

சிரிக்காதேயும், நெசமாவே ராசாதான். ஆயிரம் வருசத்துக்கு முந்தி டென்மார்க்கை ஆண்டவரு. ஹரால்டுன்னு பேரு. ஒரு பல்லு செத்து நீலம் பாரிச்சிருந்துதாம், அதனால நீலப்பல்லன்னு பட்டப்பேரு. ஆளுக்கொரு பக்கமா இழுத்துக்கிட்டுக் கெடந்த சனத்தை ஒண்ணாச் சேத்தவருன்னு சொல்லுதாவ. 1997ல இன்டெல் கம்பெனி ஜிம் கார்டாக்குங்கறவரு, கம்பியில்லாம சாமானைச் சேத்து வைக்குத இந்த வித்தைக்கு, நல்ல பேரு கெடைக்குத வரைக்கும் இது இருக்கட்டும்னு அந்த ராசா பேரைச் சொன்னாரு. வேற பேரு வரவேயில்ல. நம்ம ஊர்ல ‘குட்டி’ன்னு கூப்பிட்டுக் கூப்பிட்டு ரேஷன் கார்டுலயும் குட்டின்னே ஏறிப்போவுமே, அந்தக் கதைதான். போன்ல இருக்க அந்தக் கோணல் குறியும் ராசா பேரோட ரெண்டு மொதலெழுத்தைப் பழைய லிபியில எழுதி ஒட்ட வச்சது.

அந்த டென்மார்க்குக்கும் காதுக்கும் ஒரு தொந்தம் உண்டு கேட்டீரா. ஓட்டிகான் கம்பெனிய 1904ல ஆரம்பிச்ச ஹான்ஸ் டெமாண்ட்டு, பெண்டாட்டிக்குக் காது சரியாக் கேக்கலையேன்னுதான் இந்த யாவாரத்துக்கே வந்தாரு. பெண்டாட்டி காதுக்காவக் கம்பெனி தொடங்குனவனும் இருந்திருக்கான். பெண்டாட்டி பேச ஆரம்பிச்சதும் மெசினைக் கழத்திப் பையில போடுதவனும் இருக்கான். நான் யாரையும் சொல்லல.

சரி, போனை அந்தத் திண்ணையில வச்சிட்டு வாரும். மொதக் கேள்வி போனைப் பத்தியே கெடையாது. இப்பம் நான் பேசுதது ரெண்டு காதுலயும் கேக்கா? கேக்குன்னா நல்லது. மேலத்தெரு வாத்தியாரு இப்படித்தான், ப்ளூடூத்து வரல ப்ளூடூத்து வரலன்னு போனை மூணு வாட்டி கடைக்குத் தூக்கிட்டுப் போனாரு. கடைக்காரப் பய போனைத் தொடைச்சுத் தொடைச்சுக் கொடுத்துக் காசு வாங்குனான். கடைசியில பாத்தா மெசினோட முனையில சோத்துப் பருக்கையில பாதி கணக்கா ஒரு வடிகட்டி இருக்கு பாரும், அதுல குறும்பி அடைச்சுக் கெடக்கு. பக்கத்துல நிக்குத ஆளு பேச்சே உள்ள போவாதபோது, போன்ல வார பேச்சு மட்டும் எந்த வழியா நொழையும்? அந்த வடிகட்டிய மாத்துனாரு, கேட்டுட்டு. அதோட முடிஞ்சுது வாத்தியாரு வழக்கு.

ரெண்டாவது, பாட்டரி. உம்மது பழுப்பு ஒட்டு ஒட்டுன 312. அது காத்தைக் குடிச்சு வேலை செய்யுத சாதி. அந்த ஒட்டைப் பிச்சதும் அவசரமா உள்ள திணிக்காதேயும். ரெண்டு மூணு நிமிசம் காத்து வாங்க விடும், பொறவு போடும். பிச்சுட்டு, ‘அப்புறம் பாத்துக்கிடுவோம்’னு திருப்பி ஒட்டி வைக்குத சிக்கனமெல்லாம் அதுங்கிட்டச் செல்லாது. இன்னொரு கொணமும் அதுக்கு உண்டு. கடைசி வரைக்கும் தெம்பா இருக்க மாதிரியே காட்டிக்கிட்டுத் திடீர்னு சாஞ்சிரும், நம்ம பெரியப்பா மாதிரி. சும்மா நாலு பேரு பேச்சைக் கேக்கதுக்குக் கொஞ்சம் கரண்டு போதும், போன் பேச்சை இழுக்கதுக்குக் கூட வேணும். அதனால மத்த நேரமெல்லாம் நல்லாக் கேட்டு, போன் வந்ததும் மட்டும் ‘டிங்’குனு செத்துப் போச்சுன்னா போனை வையாதேயும், பாட்டரிய மாத்தும். சார்ஜு போடுத மாடல்காரன்னா, பெட்டியில மெசினு உக்காருத எடத்துல வேர்வை உப்பு படிஞ்சிருக்கான்னு துணியால தொடைச்சுப் பாக்கட்டும். ராத்திரி பூரா உக்காந்திருந்தும் சார்ஜு ஏறாத மெசினை நான் பாத்திருக்கேன். பள்ளிக்கூடத்துல நாம உக்காந்திருந்த மாதிரி.

பொறவுதான் பொருத்தம். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பாக்கீரு, இதுக்கு ஒண்ணாவது பாக்க வேண்டாமா? கீழத்தெருவுல ரிட்டயரு ஆன தபால்காரருக்கு மவ அமெரிக்காவுல இருந்து மெசினு அனுப்புனா. அது ஐபோனோட மட்டும் போன் பேசுத மெசினு. இவரு கையிலயோ ஆண்ட்ராய்டு. மூணு மாசம் மல்லுக்கட்டுனாரு மனுசன். சேரும்னு விதியே இல்லாததை எந்தச் சாமி வந்து சேக்கும்? ஆப்பிள்காரன் தனக்குன்னு ஒரு மொறை வச்சிருக்கான், அதுல மொத மெசினு 2014ல கடைக்கு வந்துது. ஐபோன்காரன் பண்ணுத பெரிய தப்பு என்னன்னா, ஹெட்செட்டைத் தேடுத மாதிரி ப்ளூடூத்துப் பட்டியல்ல போயித் தேடுவான். அங்கன இருக்காது. செட்டிங்ஸ்ல அக்சஸிபிலிட்டி, அதுக்குள்ள ஹியரிங் டிவைசஸ், அந்த வீட்டுலதான் அது குடியிருக்கு. ஆண்ட்ராய்டுக்குன்னு கூகுள்காரன் 2018ல ஒரு மொறையச் சொன்னான், பேரு ஆஷா. பேரு நல்லாத்தான் இருக்கு, ஆனா எல்லா ஆண்ட்ராய்டு வீட்டுக்கும் அவ வாக்கப்பட மாட்டா. வாங்குததுக்கு முந்தியே கேட்டுக்கிடணும். சாதாரண ஹெட்செட்டு மாதிரி எந்தப் போனோடயும் சேருத மெசினும் உண்டு. 2020ல எல்.ஈ. ஆடியோன்னு பொதுவா ஒரு மொறையும் அறிவிச்சாச்சு, அதுக்குப் போனும் புதுசா இருக்கணும், மெசினும் புதுசா இருக்கணும். உம்மது ஆஷா மொறை. உம்ம மவன் போனோட பேரை எழுதி வச்சுப் பொருத்தம் பாத்துத்தான் வாங்கியிருக்கான். அவன் அம்மை புத்தி அவனுக்கு.

அப்பம் எங்கதான் கோளாறு? இருமே, வாரேன்.

போன ஆனி மாசம் நடந்ததை நெனைச்சுப் பாரும். வட்டிக்காரரு வந்து உம்ம திண்ணையில உக்காந்திருக்காரு. எந் தங்கச்சி, பாவம், ‘அவுக வெளியூரு போயிருக்காக’ன்னு மோரு கொடுத்து உபசாரம் பண்ணுதா. நீரு அடுக்களையில நெல்லுக் குதிலுக்குப் பின்னால நிக்கீரு. அந்த நேரம் பாத்து மவன் போன்ல கூப்பிடுதான். நீரு எடுத்து, கிசுகிசுன்னு ‘ஹலோ, ஹலோ’ங்கீரு. காதுல ஒண்ணும் விழல. மெசினைத் தட்டுதீரு, திருகுதீரு, ‘சவம் செத்துட்டு’ன்னு கழத்துதீரு. மவன் குரலு எங்க போச்சு? பேரன் பாட்டுக் கேட்டுட்டுத் திண்ணையில போட்டுட்டுப் போன ப்ளூடூத்துப் பெட்டிக்குப் போச்சு. ‘எப்பா, வட்டிக்காரரு கெளம்பிட்டாரா? வீட்ல இல்லன்னு அம்மை ஒழுங்காச் சொன்னாளா?’ன்னு அந்தப் பெட்டி, கோயில் குழாய் கணக்கா அவரு பக்கத்துல கெடந்து கேக்கு. அவரு பெட்டியப் பாத்து, ‘சொன்னா தம்பி, மோரும் கொடுத்தா’ன்னாரே! அந்த மனுசனுக்கு எங்கயிருந்து அம்புட்டு நிதானம் வந்துதுன்னு எனக்கு இன்னைக்கும் ஆச்சரியம்.

அன்னைக்கு உம்ம மெசினுல ஒரு பழுதும் கெடையாது. போன் வேறொண்ணோட கையக் கோத்துக்கிட்டு நின்னுது, அவ்வளவுதான். பேசிக்கிட்டு இருக்கும்போது திரையில ஸ்பீக்கர் படம் இருக்கும் பாரும், அதைத் தொட்டா சத்தம் எங்கெங்க போவலாம்னு ஒரு பட்டியல் வரும். அதுல காது மெசினைத் தொட்டா சோலி முடிஞ்சுது. ஆனா நீரு அன்னைக்கு எதையும் தொடுத நெலமையில இல்ல.

இன்னொண்ணும் பண்ணியிருந்தீரு, அதை மறைக்கீரு. மெசினுக்குன்னு ஒரு ஆப்பு உண்டுல்லா, சத்தம் கூட்டக் கொறைக்க? அது தொறந்ததும், ‘நீங்க இருக்க எடத்தைப் பாக்க அனுமதி உண்டா’ன்னு கேட்டிருக்கு. நீரு ‘இல்ல’ன்னு அமுக்கியிருக்கீரு. ஏம்? பம்புசெட்டுல சீட்டாடுதது தங்கச்சிக்குத் தெரிஞ்சிரும்னு பயம். அட மாப்ளே, பக்கத்துல என்னென்ன ப்ளூடூத்து கெடக்குன்னு தொழாவிப் பாத்தா எடமும் தெரிஞ்சு போவும்னு, பழைய ஆண்ட்ராய்டுல அந்த அனுமதிய வாங்கித்தான் தொழாவவே விடுவான். 2021ல வந்த ஆண்ட்ராய்டு 12ல இருந்து அதை ‘பக்கத்துல இருக்க சாதனம்’னு பேரை மாத்திக் கேக்கான். இல்லன்னு சொன்னா ஆப்பு கண்ணைக் கட்டிக்கிட்டுத் தேடுத மாதிரிதான். பம்புசெட்டு சமாச்சாரம் தங்கச்சிக்கு ரெண்டு வருசமாத் தெரியும், அது வேற.

ஆப்புல மெசினு தெரிஞ்சா கால் பேச்சும் வந்துரும்னும் நெனைக்காதேயும். அது ஒரு வாசல், இது ஒரு வாசல். ஒண்ணு தொறந்திருக்கும்போதே இன்னொண்ணு பூட்டிக் கெடக்கலாம்.

அப்புறம் அந்தப் பட்டாப்பட்டி டவுசர் பை. போனை அதுல போட்டு மேல வேட்டியையும் கட்டிக்கிட்டு, இடக்காதுல விட்டுவிட்டுக் கேக்குன்னு புலம்புதீரு. உம்ம மொறையில போன் வலதுக்கு ஒண்ணு இடதுக்கு ஒண்ணுன்னு தனித்தனியாத்தான் அனுப்புது. அந்த அலை 2.4 கிகாஹெர்ட்ஸு, தண்ணியக் கண்டா உறிஞ்சிக்கிட்டு நின்னுபோவும். மனுச ஒடம்புல பாதிக்கு மேல தண்ணி. உம்ம தொப்பையத் தாண்டி, தோளைத் தாண்டி, அந்தப் பக்கத்துக் காதுக்கு அது போயிச் சேரணும்னா சும்மாவா? சட்டைப் பையில வையும். மவன் வீட்டு வைஃபை பெட்டியும் சோறு சூடு பண்ணுத மைக்ரோவேவு அடுப்பும் அதே பாதையிலதான் ஓடுது, அதுக்குப் பக்கத்துல நின்னு பேசாதேயும். இன்னொண்ணு, உம்ம மெசினு கேக்கத்தான் செய்யும், நீரு பேசுததை எடுக்குதது போன்ல இருக்க மைக்குதான். போனை டவுசருக்குள்ள வச்சுக்கிட்டு உரக்கப் பேசுனா, மவனுக்கு டவுசர் உரசுத சத்தம்தான் மெட்ராசுக்குப் போவும்.

இப்பம் அசலுக்கு வாரேன். இந்தச் சீக்கு என்னைக்கு ஆரம்பிச்சுது? கோயில் கொடைக்குக் கால் நாட்டுன அன்னைக்கு. மவன் என்னைக்கு ஊருக்கு வந்தான்? அதே அன்னைக்கு. போன பொங்கலுக்கு அவன் வந்திருந்தப்பமும் ரெண்டு நாளு சேரலன்னீரு, அவன் பஸ்ஸேறுனதும் தன்னால சரியாயிட்டுன்னு சந்தோசப்பட்டீரு. மவன் போனதுக்குச் சந்தோசப்பட்ட அப்பன் நம்ம பக்கத்துல நீரு ஒருத்தருதான். மெசினை வாங்குன அன்னைக்கு அவன் தன் போன்ல சேத்துத்தான் சோதிச்சுப் பாத்திருப்பான். அந்தத் தாலி இன்னும் அத்துவிடாமக் கெடக்கு. அவன் உம்ம வீட்டுக்குள்ள நொழைஞ்சதும் மெசினு பழைய ஒறவைப் பாத்துப் பல்லை இளிக்கு, உம்ம போன் வாசல்ல நிக்கு. இதுக்குப் போயிப் பச்சைப் புள்ளையப் பிடிச்சு வஞ்சிருக்கீரு.

மவன் இப்பம் எங்க? டவுனுக்கா? தோதாப் போச்சு. போனைக் கொண்டாரும். பட்டியல்ல உம்ம மெசினுப் பேரைத் தொட்டு ‘மறந்துரு’ன்னு அமுக்கும். ஆமா, மறக்கச் சொல்லித்தான் பொறவு சேக்கணும், கோவிச்சுக்கிட்டுப் போனவளை மொதல்ல இருந்து பொண்ணு கேக்குத மாதிரி. ரெண்டு பேரும் உண்டான்னு பாரும், வலதுக்கு ஒண்ணு இடதுக்கு ஒண்ணு. போனை ஒருவாட்டி அணைச்சு எழுப்பும். ம். இப்பம் ரெண்டு மெசினுலயும் பாட்டரிக் கதவைத் தொறந்து மூடும். மூடுன கொஞ்ச நேரந்தான் ‘நான் இருக்கேன்’னு கூவிக்கிட்டிருக்கும், மூணு நிமிசம்னு வச்சிக்கிடும். அதுக்குள்ள தேடணும். நீரு காலையில கதவை மூடிட்டு, காப்பி குடிச்சுட்டு, பேப்பர் படிச்சுட்டுத் தேடுனா யாரு காத்துக்கிட்டு இருப்பா? பக்கத்துல வச்சுத் தேடும். வந்துட்டா? தொடும். ஒரு காது சேந்ததும் எந்திரிச்சிராதேயும், இன்னொண்ணுக்கும் சரி சொல்லும்.

ராத்திரி மவன் வந்ததும் அவன் போன்லயும் ‘மறந்துரு’ போடச் சொல்லும். அதைப் பண்ணலன்னா நாளைக்கு வெள்ளன திரும்ப இதே மூஞ்சியோட இங்கன வந்து நிப்பீரு. போன்ல பெருசா அப்டேட்டு எதுவும் வந்த பொறவு மக்கர் பண்ணுனாலும் இதே வைத்தியந்தான். அதுக்கும் கேக்கலன்னா மெசினு உள்ள இருக்க மென்பொருளைப் புதுப்பிக்கணும், அதைக் காது சோதிச்சு மாட்டி விட்டவுக பாத்துக்கிடுவாக, நீரு ஊசிய எடுத்துக் குத்தாதேயும்.

பாத்தீரா, சேந்துட்டு. நான் உள்ள போயி உம்ம போனுக்கு ஒரு கால் போடுதேன். அங்கனயே இரும்.

ஹலோ. என்னவே, கணீர்னு கேக்கா? கேக்கும் கேக்கும். அப்பம் அப்படியே இதையும் கேட்டுக்கிடும். போன மாசம் ஒரு அட்டை பாட்டரி எங்கிட்ட வாங்கிட்டுப் போனீரு, ஆறு பாட்டரி, பழுப்பு ஒட்டு. நாளைக்குத் தாரேன் அத்தான்னீரு. நாளைக்கு எப்பம் மாப்ளே வரும்?

ஹலோ?

ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தான் பேசுதேன் வே. ரெண்டு காதும் சேந்துட்டுன்னு நீருதானே இப்பம் காட்டுனீரு, எதுக்கு மெசினைத் தட்டுதீரு?