பராக், பராக், கேப்டன் எழுந்தருள்கிறார்!

ஜொகூரின் ஸ்கூடாயில் தாமான் எனும் ஒரு குடியிருப்பு. அந்தத் தாமானில் ஒரு வரிசை வீடு. அந்த வீட்டின் மேல்மாடிப் பின்னறையில் ஏசி பதினெட்டில் குளிர, மூன்று திரைகள் ஒளிவீச, ஹெட்செட் எனும் மணிமுடி தரித்து வீற்றிருக்கும் மாண்புமிகு கேப்டன் அவர்களின் புகழைப் பாட ஒரு நாக்கு போதாது. ஆயிரம் நா படைத்த ஆதிசேடனே வந்து பாடினாலும் கேப்டனின் விமானம் புறப்படுவதற்குள் களைத்துப்போவான். அது அவ்வளவு எளிதில் புறப்படும் விமானமன்று.

பகலில் கேப்டன் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். விடியற்காலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளை உதைப்பார். ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்க 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலம் 1.05 கிலோமீட்டர் நீளந்தான். அதைத் தாண்ட ஆயிரமாயிரம் பேரோடு புகைக்குள் நின்று, மாலையில் அதே புகைக்குள் நின்று, எட்டு மணிக்கு வீடு சேர்வார். சாமானியப் பிறவியாக இருந்தால் குளிப்பான், பிள்ளை முகத்தைப் பார்ப்பான், மனைவியோடு நாலு வார்த்தை பேசிவிட்டுப் படுப்பான். கேப்டன் அத்தகைய சிற்றின்பங்களை வென்றவர். சோற்றுத் தட்டைக் கையிலேயே ஏந்திக்கொண்டு மாடி ஏறிவிடுவார். செனாயில் அவருடைய ஏ320 அவருக்காகக் காத்திருக்கிறது. செனாய் நிலையம் வீட்டிலிருந்து காரில் போகும் தூரந்தான். ஆனால் சாலை வழியே விமான நிலையம் போவது பாமரர் வழக்கம்.

அந்தத் திருவறையின் சிறப்பை முதலில் சொல்லவேண்டும். ஏர்பஸ் ஓட்ட ஒரு ஜாய்ஸ்டிக், போயிங் ஓட்ட ஒரு யோக்: இரண்டு நிறுவனங்களில் எதன் மனமும் நோகக்கூடாது என்ற சமநோக்கு. காலுக்குப் பெடல். வலக்கைக்கு உந்துவிசை நெம்புகோல். தலை திரும்பினால் காட்சியும் திரும்ப ஒரு கருவி. எல்லாம் சிங்கப்பூர் வெள்ளியில் வாங்கியவை, ரிங்கிட்டில் பெருக்கிப் பார்க்கும் துணிவு வீட்டில் யாருக்கும் வந்ததில்லை. இவ்வளவும் அமர்ந்திருக்கும் மேசை முன்பு படிவம் நான்கு படிக்கும் மகளின் மேசை. இப்போது அந்தப் பெண் சமையலறையில் வெங்காயத் தோலை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடுகிறாள். எந்த இடத்திலும் கல்வி கற்கலாம் என்ற பேருண்மையை மேசையைப் பிடுங்கிப் புகட்டிய தந்தை வேறு எவர்?

இனிப் புறப்பாட்டு வைபவம். 1982இல் மைக்ரோசாஃப்ட், விமானம் ஓட்டும் இந்தக் கணினி விளையாட்டை முதன்முதலில் வெளியிட்ட காலம் காட்டுமிராண்டிக் காலம். கணினியை முடுக்கினால் சிகாகோவின் மெய்க்ஸ் ஃபீல்டு ஓடுபாதையில் சிறு விமானம் தயாராக நிற்கும். விசையைக் கூட்டினால் பறக்கும். உட்கார்ந்தான், பறந்தான், எழுந்து போனான் என்ற அவலநிலை. நம் கேப்டன் அந்த இழிவிலிருந்து இக்கலையை மீட்டவர். அவருடைய விமானம் 'கோல்ட் அண்ட் டார்க்', அதாவது விளக்கணைந்து, மின்சாரமின்றி, பிணம்போல் குளிர்ந்து கிடக்கும் நிலையில்தான் தொடங்கவேண்டும். முதல் பேட்டரி, இரண்டாம் பேட்டரி, வெளி மின்சாரம், தீ எச்சரிக்கைச் சோதனை, வால்பகுதிச் சிறு எஞ்சின். அதன்பின் தான் எங்கே நிற்கிறோம் என்பதை விமானமே பூமியின் சுழற்சியிலிருந்து உணர்ந்துகொள்ளும் சடங்கு. துருவத்தை நெருங்க நெருங்க அதற்கு நேரம் கூடும், பூமத்திய ரேகைக்கு அருகில் குறையும். செனாய் வடக்கே ஒன்றரை பாகையை ஒட்டியிருப்பதால் சீக்கிரமே முடிந்துவிடுகிறதே என்பதில் கேப்டனுக்குத் தீராத மனக்குறை. அதையும் ஒரு நொடியில் முடிக்கும் வசதி அமைப்பில் உண்டு. அதைத் தொட்டவரை அவர் மனிதராக மதிப்பதில்லை.

அந்த நிமிடங்களில் அவர் வானிலை அறிக்கை ஓதுவார். செனாயின் காற்று எத்திசை, பார்வைத் தூரம் எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, எல்லாம் நிஜ நேரத்தில் இணையத்திலிருந்து வந்திறங்கும். சென்ற வாரம் ஒருநாள் விடுப்பெடுத்து, பிற்பகலிலேயே பீடமேறியிருந்தார். அறிக்கையில் இடியோடு மழை என்ற குறி வந்தது. "டிஎஸ்ஆர்ஏ" என்று உரக்க வாசித்து, ஏறுவழியைச் சற்றே மாற்றியமைத்தார். அதே வேளையில் கீழேயிருந்து, "என்னங்க, மழை வந்துருச்சு, துணியெல்லாம் நனையுது, கொஞ்சம் எடுங்களேன்" என்று ஒரு குரல். பால்கனிக் கம்பி அவர் முழங்கைக்கு ஆறடி தூரம். "ஸ்டேன்ட் பை" என்றார் கேப்டன். பள்ளிச் சீருடை, தலையணை உறை, மாமியார் புடவை யாவும் நனைந்தன. விமானமோ ஒரு துளி படாமல் காக்கப்பட்டது. இடி மேகத்தை நாற்பது கடல் மைல் முன்கூட்டியே உணரும் தீர்க்கதரிசிக்குத் தலைக்கு மேல் பெய்வதைக் காட்டுவது பண்பாகாது.

அடுத்து, பயணிகளை வரவேற்கும் உபசாரம். 180 இருக்கை. பயணிகளை உடனே ஏற்றலாம், விரைவாக ஏற்றலாம், நிஜத்தில் ஏறுவதுபோல் ஒவ்வொருவராக ஏற்றலாம். கேப்டன் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்லவும் வேண்டுமோ! இல்லாத மனிதர்கள் இல்லாத பைகளை இல்லாத தட்டில் வைத்து, இல்லாத இருக்கையில் அமரும்வரை அரைமணி நேரம் கைகட்டிக் காத்திருப்பார். அவர்களுக்குக் குளிரக்கூடாதென்று கேபின் வெப்பநிலையைத் திருத்துவார். எல்லோரும் பட்டை கட்டினார்களா என்று விசாரிப்பார். மாப்பிள்ளையே வராத கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறும் பெருந்தகையை வேறு எங்கே காண்பீர்கள்?

எடையையும் வெப்பத்தையும் வைத்து ஓடுபாதைக் கணக்கு போடுவார். செனாயின் ஓடுபாதை 3,800 மீட்டர். பெருவிமானங்களுக்கே தாராளம். ஏ320 அதில் பாதியிலேயே எழும்பிவிடும். ஆயினும் எந்த வேகத்துக்கு மேல் நிற்க முடியாது, எந்த வேகத்தில் மூக்கைத் தூக்கவேண்டும் என்று ஒரு நாட் பிசகாமல் குறிப்பார். டயர் தேய்மானத்தைச் சுற்றிவந்து பார்ப்பார். கீழே போர்ட்டிகோவில் நிற்கும் குடும்பக் காரின் டயர் மொழுக்கென்று தேய்ந்து கம்பி தெரிகிறது, சாலை வரி முடிந்து மாதம் இரண்டாகிறது. அதில் ஏறுவோர் மனைவியும் மக்களும்தானே, கட்டணம் செலுத்தும் பயணிகளா?

28 நாளுக்கு ஒருமுறை உலக வான்வழித் தரவுகள் புதுப்பிக்கப்படுகின்றன. பன்னாட்டு ஒழுங்கு அது. சந்தா கட்டி, நாள் தவறாமல் இறக்கிக்கொள்வார். அப்பாவின் திதி எந்த அமாவாசை என்று அம்மாதான் ஆண்டுதோறும் நினைவூட்டவேண்டியிருக்கிறது.

கேப்டனின் இந்தப் பாவனைக் கருவியின் மூதாதையைச் சொல்லாமல் விட்டால் குறை. எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர், தந்தையின் ஆர்கன் வாத்தியத் தொழிற்சாலையில் கிடைத்த துருத்திகளையும் குழாய்களையும் கொண்டு 1929இல் தரையிலேயே ஆடும் நீலப் பெட்டி ஒன்றைச் செய்தார். 1934இல் தபால் சுமந்த ராணுவ விமானிகள் பலர் மோசமான வானிலையில் மாண்டபின் அமெரிக்க ராணுவம் ஆறு பெட்டிகளை வாங்கியது. மேகத்துக்குள் கண் தெரியாமல் பறக்கக் கற்று எத்தனையோ பேர் உயிர் தப்பினர். இன்றும் தொழில்முறை விமானிகள் ஆறு மாதத்துக்கொருமுறை பாவனைக் கருவியில் ஏறி, எஞ்சின் அணைவதையும் தீப்பிடிப்பதையும் வியர்க்க வியர்க்கச் சமாளித்துக் காட்டவேண்டும். பாவம், பயன் கருதி உழைக்கும் கூலிகள். கேப்டனின் அமைப்பில் கோளாறுகள் யாவும் அணைத்து வைக்கப்பட்டுள்ளன. கேடு நேரும்போது என்ன செய்வது என்று கற்பது, கேடு நேரும் வாழ்க்கை வாழ்பவர்க்கு உரியது.

அவருடைய நாவடக்கத்தை எப்படிப் புகழ்வேன்! 2001இல் தொடங்கிய வாட்சிம் என்ற இணையவலையில் உலகெங்கும் தன்னார்வலர்கள் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் அமர்ந்து குரல் கொடுக்கிறார்கள். அவர்களுள் முகம் தெரியாத ஓர் இளைஞனிடம் கேப்டனின் குரல் தேனாய் இழையும். "குட் ஈவினிங் சார்." அவன் சொன்ன உயரம், திசை, நான்கு இலக்க அடையாள எண் யாவற்றையும் ஓர் எழுத்துக் குறையாமல் திருப்பிச் சொல்லி உறுதிசெய்வார். அதுதான் வானத்து மரபு: கேட்டதைத் திருப்பிச் சொன்னால்தான் கேட்டதாகக் கணக்கு. வீட்டில், "நாளைக்குப் பாப்பாவுக்குப் பள்ளியில பெற்றோர் கூட்டம், நீங்க வரணும்" என்று மனைவி மூன்று முறை சொன்னார். பதில் இல்லை. அலைவரிசை வேறு.

ராஜதந்திரத்திலும் அவருக்கு நிகர் இல்லை. 2018 டிசம்பரில் சிங்கப்பூரின் செலேத்தார் விமான நிலையத்தில் இறங்க வகுத்த ஐஎல்எஸ் எனும் கருவிவழித் தரையிறக்கப் பாதை பாசிர் கூடாங்கின் தலைக்கு மேல் போகிறது, அங்கே உயரமாக எதுவும் எழுப்ப முடியாமல் போகும் என்று மலேசியா ஆட்சேபித்தது. 2019 ஜனவரியில் பாசிர் கூடாங் வானத்தையே தடைப் பகுதியாக்கியது. மலேசியாவின் ஃபயர்ஃபிளை நிறுவன விமானங்கள் மாதக்கணக்கில் சிங்கப்பூருக்குப் போகவில்லை. ஏப்ரலில்தான் சிங்கப்பூர் அந்த வழியைத் திரும்பப் பெற்றுக்கொள்ள, மலேசியா தடையை நிறுத்திவைத்தது. இரண்டு அரசுகளின் அமைச்சர்கள் அரும்பாடுபட்டு அவிழ்த்த அந்த முடிச்சைக் கேப்டன் அணுவணுவாக அறிவார். நிலைகளும் தேதிகளும் விரல் நுனியில். மாமாக் கடையில் தே தாரிக் ஆறும்வரை விளக்குவார். பக்கத்து வீட்டுக்காரரின் மாமரக்கிளை தம் வீட்டு ஓட்டை உடைத்து ஒழுகவிட்ட தகராறு ஓராண்டாகக் கிடப்பில் இருக்கிறது. அதே வீட்டுக் கூரையை ஆயிரத்தைந்நூறு அடி உயரத்திலிருந்து திரையில் பார்த்து, செயற்கைக்கோள் படத்தின் துல்லியத்தை மெச்சியிருக்கிறார்.

2014 முதல் ஜொகூருக்கு வார ஓய்வு வெள்ளியும் சனியுமாக இருந்தது. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குச் சனியும் ஞாயிறும். பத்தாண்டுக்கு மேலாக அப்பாக்கள் ஓய்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமையில் பிள்ளைகள் பள்ளியில் இருந்தார்கள். 2025 ஜனவரி முதல் தேதி மாநிலம் சனி, ஞாயிறுக்கு மாறியது. ஊரே மகிழ்ந்தது. இனிமேல் குடும்பத்தோடு டேசாருவுக்குக் கடல் பார்க்கப் போகலாம் என்று மகள் பை கூட எடுத்து வைத்தாள். வரலாறு வலிய வந்து கொடுத்த அந்த ஒரு முழு நாளை வீணாக்க மனமின்றி, கேப்டன் அன்றுதான் நெடுந்தூரப் பயணத்தை வைத்துக்கொண்டார். எட்டு மணி நேரம் தானியங்கியில் ஓடும் விமானத்தின் எதிரே, கழிவறைக்குக்கூட ஓடி ஓடித் திரும்பிய அந்த ஈடுபாட்டை மகள் கதவிடுக்கில் நின்று தரிசித்தாள்.

சிகரம் வைத்தாற்போல் நிகழ்ந்ததொன்றைக் கூறுகிறேன். கேப்டனின் தாயார், எழுபது கடந்தவர், முழங்கால் வலிக்காரர், பினாங்கிலிருக்கும் மகளைப் பார்க்கக் கிளம்பினார். செனாயிலிருந்து விமானம். உண்மையான விமானம். வாழ்க்கையில் இரண்டாம் முறை ஏறப்போகிறவர். எங்கே வரிசையில் நிற்பது, எந்தக் கதவு, பையை யாரிடம் கொடுப்பது ஒன்றும் தெரியாது. "ஐயா, நேரமாச்சுய்யா, கொண்டுவந்து விட்டுட்டுப் போயிடேன்" என்று மாடிப்படியின் கீழே நின்று கேட்டார். அப்போது கேப்டனும் செனாயிலிருந்து பினாங்குக்குத்தான் ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். தாய் போகும் அதே வழியில் தாமும் பறப்பது என்று தீர்மானித்திருந்தார், அப்பேர்ப்பட்ட பாசம். பயணிகள் பாதிக்கு மேல் ஏறிவிட்டார்கள், நடுவில் எழுந்திருக்க இயலாது. "கிராப் போட்டுக் கொடும்மா" என்று தம் மகளுக்கு ஆணை போயிற்று. கிழவி தனியாகப் போய், யார் யாரிடமோ கேட்டு, தவறான வாசலில் உட்கார்ந்து, ஒரு மலாய்க்காரப் பெண் கைபிடித்து அழைத்துப்போக, ஏறினார். பினாங்கில் இறங்கிய பிறகு மகனுக்குப் போன் அடித்தார். எடுக்கவில்லை. கேப்டன் இன்னும் செனாயில்தான் நின்றுகொண்டிருந்தார். புறப்பாட்டுக்குச் சற்று முன்பு புதுப்பிப்பு ஒன்று வந்திறங்க, விளையாட்டு முழுவதும் அணைந்து போயிருந்தது. மறுபடி குளிர்ந்த விமானம், முதல் பேட்டரி, இரண்டாம் பேட்டரி.

இத்தகைய மகானுக்குக் குறை என்று ஒன்று உண்டென்றால் அது அறையின் நெருக்கடிதான். விமானம் திரும்பும்போது உடலும் சாயவும், தரையிறங்கும்போது முதுகு அதிரவும் ஆடும் பீடம் ஒன்றுக்கு முன்பணம் கட்டியிருக்கிறார். அது பின்னறையில் கொள்ளாது. கீழே அம்மாவின் அறையை அளந்து பார்த்தார், கச்சிதமாகப் பொருந்துகிறது. கட்டிலைப் பிரித்துச் சுவரோரம் சாத்தியாயிற்று. அம்மா எப்போது திரும்பி வருகிறார் என்று மட்டும் பினாங்குக்குப் போன் போட்டு இன்னும் கேட்கவில்லை.