படிக்கயிற்று முடிச்சும் பிச்சிப்பூச் சரமும்: சங்கரன்கோவிலை முன்வைத்து ஓர் ஆய்வு

பிளாஸ்டிக் பாய்மரக் கப்பலுக்குக் கயிறு கட்டும் கலை கடலோரத்தாருக்கே உரியது என்பது அறிஞர் பெருமக்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் மூடநம்பிக்கை. தூத்துக்குடிக் கடலிலிருந்து சாலை வழியே சுமார் 100 கிலோமீட்டர் உள்ளே தள்ளி, கரிசலின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் சங்கரன்கோவிலே அக்கலைக்கு உகந்த தலம் என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம். என்னை? எனின், அதற்கு வேண்டியவை இரண்டே: நல்ல நூல், நல்ல முடிச்சு. நூல் இவ்வூர் விசைத்தறிக் கூடங்களில் கிடக்கிறது. முடிச்சு பூ மார்க்கெட்டில் கிடக்கிறது. நடுவில் கடல் எதற்கு?

முதலில் ஆய்வெல்லை. 1906-ல் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி தொடங்கி ஓட்டிய காலியா, லாவோ இரண்டும் நீராவிக் கப்பல்கள். நாட்டுப்பற்றைக் கருதி அவற்றை உள்ளே இழுக்கும் ஆசை எழுந்தாலும், பாயில்லாக் கப்பலைப் பற்றி இவ்வாய்வுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. தோணிகள் பாய் விரித்துக் கொழும்புக்குச் சரக்கேற்றிப் போன காலமும் தனி ஆய்வுக்குரியது. இங்கே பேசப்படுவது அட்டைப் பெட்டியில் வந்து, சட்டத்திலிருந்து பிய்த்து எடுக்கப்பட்டு, சாப்பாட்டு மேசையை மாதக்கணக்கில் ஆக்கிரமித்து, வீட்டாரின் சாபத்துக்கு ஆளாகும் கப்பல் மட்டுமே.

முன்னோர் முயற்சிகளைத் தொட்டுச் செல்வது மரபு. ராமநாதபுரம் மாவட்டம் அழகன்குளத்தில் கிடைத்த பானை ஓடொன்றில் மூன்று பாய்மரமுள்ள கப்பலை யாரோ கீறி வைத்திருக்கிறார்கள். ரோமானியக் கடல் வணிகத்தோடு அதை ஆய்வாளர்கள் தொடர்புபடுத்துகிறார்கள். சாதவாகனர் வெளியிட்ட ஈயக் காசுகளில் இரண்டு பாய்மரமுள்ள கப்பல் இருக்கிறது. கட்டைவிரல் நகத்தளவு ஈயத்தில் கப்பலையும் கயிற்றையும் கொண்டுவந்த அந்த அச்சுத் தச்சனே சோழமண்டலக் கரையின் முதல் மாதிரிக் கப்பல்காரன் என்று இவ்வாய்வு கருதுகிறது. சங்கரன்கோவிலிலும் சிற்றுருவ மரபு உண்டு. பாம்பு, தேள் தொல்லை நீங்க வெள்ளித் தகட்டில் அவற்றின் உருவத்தை வாங்கிச் சங்கரநாராயணர் கோவிலில் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். கப்பல் உருவம் அதில் இடம்பெறாததற்குக் காரணம் வெளிப்படை: இவ்வூரில் கப்பலால் தொல்லைப்பட்டவர் யாருமில்லை. (இவ்வாய்வாளரின் வீட்டாரைத் தவிர.)

இனிக் கயிறு. பாய்மரத்தை முன்னும் பின்னும் இழுத்துப் பிடிப்பவை ஒரு வகை; இரு பக்கமும் பிடித்து நிற்கும் பக்கக்கயிறுகள் இன்னொரு வகை. இவை அசையாதவை. தார் பூசியிருப்பதால் கறுப்பு. பாயை ஏற்றும் ஆஞ்சான், பாயின் கீழ்முனையை இழுத்துக் கட்டும் தாமான் முதலியவை அசைபவை. தார் இல்லாததால் சணல் நிறம். அசையும் கயிறு ஒவ்வொன்றுக்கும் கப்பலில் ஓர் இடம் உண்டு, அதை மாற்றவே மாட்டார்கள். நள்ளிரவில் புயலடிக்கும்போது மாலுமி கைத்தடவலில் சரியான கயிற்றைப் பிடிக்க வேண்டும் அல்லவா? இந்த ஒழுங்கை மாதிரிக் கப்பலிலும் கடைப்பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். எந்த மாலுமிக்காக என்று அவர்களை யாரும் கேட்பதில்லை.

பக்கக்கயிறுகளுக்குக் குறுக்கே, ஏறுவதற்காக, படிக்கயிறுகள் கட்டப்படும். துன்பம் இங்கேதான் தொடங்குகிறது. உண்மைக் கப்பலில் படிக்குப் படி ஒன்றேகால் அடி. 1:96 அளவு மாதிரியில் அது 4 மில்லிமீட்டர். ஒரு பக்கம் 6 பக்கக்கயிறு, 20 படி என்று வைத்துக்கொண்டால் 120 முடிச்சு. மரம் மூன்று, பக்கம் இரண்டு, ஆக 720. மேல்மரக் கணக்கு தனி. அதைச் சொன்னால் வாசகர் பக்கத்தைத் திருப்பிவிடுவார்.

நூல் பற்றிய கணக்கு இதைவிட மகிழ்ச்சியானது. 1765-ல் நீரில் இறக்கப்பட்டு இன்றும் போர்ட்ஸ்மவுத்தில் நிற்கும் விக்டரி என்ற போர்க்கப்பலின் கயிறு மொத்தம் 26 மைல் என்பார்கள். 1:100 மாதிரிக்கு அது சுமார் 418 மீட்டர். நம் ஊர் 40-ம் நம்பர் நூல் என்றால் என்ன? 840 கஜச் சிட்டம் 40 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. அதாவது ஒரு பவுண்டில் 33,600 கஜம், ஏறக்குறைய 30.7 கிலோமீட்டர். ஒற்றை இழையாகக் கட்டினால் 73 விக்டரிகளுக்குப் போதும். 1805 டிரஃபால்கர் போரில் ஆங்கிலேயர் பக்கம் 27 பெருங்கப்பல், பிரெஞ்சு–ஸ்பானிய அணியில் 33, ஆக 60. தறிக்கூடத்து ஒரு பவுண்டு நூலில் இரண்டு தரப்புக்கும் கயிறு கட்டிவிட்டு மீதியைச் சமாதானத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பருமனும் பொருந்துகிறது. 40-ம் நம்பர் இழை சுமார் 0.14 மில்லிமீட்டர். நூறால் பெருக்கினால் 14 மில்லிமீட்டர். மாலுமி கால் வைக்கும் படிக்கயிற்றின் விரற்பருமன்.

பிரெஞ்சு நிறுவனமான ஹெல்லர் தன் பெரிய கப்பல் பெட்டிகளில் படிக்கயிறு பின்னுவதற்கென்றே ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைத்தது. அதைத் ‘தறி’ என்றே கப்பல்காரர்கள் அழைப்பார்கள். தறி எனில் தறிக்காரரிடம் கேட்பதே முறை. விசைத்தறி ஓட்டும் அண்ணாச்சி ஒருவரிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

“நாடா எங்க ஓடும்?”

“நாடா கிடையாது அண்ணாச்சி.”

“அச்சு?”

“அதுவும் கிடையாது.”

“அப்ப இதுக்குத் தறின்னு பேரு வச்சவனக் கூட்டிட்டு வாங்க. அவன்ட்டதான் கேக்கணும்.”

கப்பல்காரர்கள் உலகெங்கும் பக்கம் பக்கமாக எழுதிச் சொன்ன மனக்குறையை அண்ணாச்சி ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். ஆனால் அவர் செய்த பேருதவி வேறு. நான் கொண்டுபோன தையல் நூலை விளக்கடியில் பிடித்து, “மயிராப் பறக்கே, இதுக்குக் கஞ்சி காட்டலியா?” என்றார். பருத்தி நூலில் பிசிறு உண்டு. நூறு மடங்கு பெரிதாக நினைத்துப் பார்த்தால் அது கப்பல் கயிறு எங்கும் ஆட்டுத்தாடி தொங்கும் காட்சி. மேல்நாட்டார் தேன்மெழுகு தடவி அதை அமுக்குகிறார்கள். இங்கே பாவு நூல் தறி ஏறுமுன் சைசிங்கில் கஞ்சி குடித்துவிட்டு வருவதால் பிசிறு படிந்து, இழை விறைப்பாக நிற்கிறது. அந்த விறைப்பு பின்னால் ஒரு பெரும் சிக்கலைத் தீர்க்கப் போகிறது என்பதை அப்போது அண்ணாச்சியும் அறியார், அறிவியலும் அறியாது.

முடிச்சு விஷயத்தில் இரண்டு கட்சிகள். ஒட்டுக் கட்சியார் படிக்கயிற்றைக் குறுக்கே வைத்துச் சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவர். கறுப்பு நூலில் அந்தப் பசை வெள்ளை பூத்துக் காட்டிக்கொடுத்துவிடும். முடிச்சுக் கட்சியார் ஒவ்வொரு சந்திப்பிலும் மாலுமியைப் போலவே ‘கிளோவ் ஹிட்ச்’ போடுவர்: ஒரே போக்கில் இரண்டு கண்ணி. இவர்கள் தூங்குவதில்லை. நியாயம் முடிச்சுக் கட்சியின் பக்கம்தான். பசையால் நின்ற கப்பல் உலகில் உண்டோ?

பூ மார்க்கெட்டுக்கு வருவோம். பூ கட்டும் அக்காவின் விரலை உற்றுப் பார்த்தவர் குறைவு, எல்லாரும் தராசையே பார்க்கிறோம். காம்போடு காம்பு சேர எதிரெதிராகப் பூவை வைக்கிறார். நூலால் ஒரு சுற்று. ஆள்காட்டி விரலில் நூலைத் திருப்பி ஒரு கண்ணி. அதைக் காம்பின் மேல் நழுவவிட்டு ஓர் இழுப்பு. கண் பூவில் இல்லை. பக்கத்துக் கடைக்காரியோடு அவள் மருமகளைப் பற்றிய விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. சுற்றும் கண்ணியுமான இந்தக் கட்டு, மாலுமியின் முடிச்சுக்குப் பங்காளி முறை. 720 முடிச்சு என்பது அவருக்கு ஒரு காலைக் காப்பிக்கு முந்தைய வேலை.

இங்கே ஒரு மறுப்பு எழும். பூங்காம்புக்கு ஒரு முனை திறந்திருக்கிறது, கண்ணி நழுவி இறங்குகிறது. பக்கக்கயிறோ மேலே மரத்திலும் கீழே கப்பல் விலாவிலும் கட்டுண்டது. கண்ணி எவ்வழி நுழையும்? ஆகவே நூல்முனையைக் கோத்துக் கோத்துத்தான் இழுக்க வேண்டும். பூக்கட்டு செல்லாது என்பர். கனமான மறுப்பு. அதை அக்காவிடமே வைத்தேன்.

“மேல அவுத்து வச்சிட்டுக் கட்டுனா என்ன தம்பி? முதல்லயே ரெண்டு பக்கமும் கட்டிப்போட்டுட்டு, வழியில்லைன்னா எப்படி?”

“அவிழ்த்தா நூல் தொங்கிருமே அக்கா.”

“தொங்காத நூலா எடுங்க.”

தொங்காத நூல் தறிக்கூடத்தில் இருக்கிறது! கஞ்சி குடித்த பாவு நூலை வேண்டிய பருமனுக்கு முறுக்கி, மறுபடி கஞ்சி தோய்த்து, காயவைத்துக் கறுப்பேற்றி, கீழ்முனையை மட்டும் சட்டத்தில் பதித்து நிறுத்தினால் அது காம்பாகவே நிற்கும். மேலிருந்து கண்ணியை இறக்கி, 4 மில்லிமீட்டருக்கு ஒன்றாக இழுத்துக்கொண்டே போகலாம். எல்லாப் படியும் முடிந்தபின் மேல்முனைகளை ஒன்றாகச் சேர்த்து மரத்தில் ஏற்றிவிட வேண்டியது. கஞ்சிக்கும் பூச்சரத்துக்கும் இடையே இதுவரை எந்தப் பல்கலைக்கழகமும் காணாத உறவு இவ்வாறு வெளிப்பட்டது.

இந்த முறையில் முதலில் கட்டத் தகுதியான கப்பல் விக்டரி அன்று. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930-ல் கட்டப்பட்ட அன்னபூரணி. இரண்டு பாய்மரம். அமெரிக்கர் ஒருவர் வாங்க, தமிழ் மாலுமிகளோடு கடல் கடந்து 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறையை அடைந்தது. ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று பெயரும் மாறியது. கடைப் பெட்டிகளில் பெரும்பாலும் வருவதோ நெல்சனின் விக்டரியும், தேயிலை சுமந்த 1869-ம் ஆண்டுக் கட்டி சார்க்கும்தான். பெட்டி இல்லாவிட்டால் போகிறது, கயிறாவது நம் கையில் இருக்கிறது.

எஞ்சியது கூலி. ஒரு பக்கத்துப் படிக்கயிறு 20-ம் சராசரி 4 சென்டிமீட்டர் என்றால், ஆறு பக்கத்துக்கும் சேர்த்து 4.8 மீட்டர், ஏறக்குறைய பத்தரை முழம். 1:100 கப்பலுக்கு முழமும் நூற்றில் ஒரு பங்காகக் கணக்கிடப்பட வேண்டும் என்ற ஆய்வாளரின் வாதத்தை அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. முகூர்த்த நாள் பிச்சி விலைதான் என்றார். பூ மாலைக்குள் வாடிவிடும், இதுவோ வாடவே வாடாது, ஆகவே விலையில் சலுகை வேண்டும் என்று அடுத்த வாதம் வைக்கப்பட்டது.

“வாடாதுன்னா நீங்க மறுபடி வாங்க வரமாட்டீயள்ல தம்பி. அப்ப வெல கூடத்தான சொல்லணும்?”

பொருளியல் நூல்களில் இதற்கு மறுப்பு தேடப்பட்டு வருகிறது. அதுவரை கப்பல் மேல்முனை கட்டப்படாமல் சாப்பாட்டு மேசையில் நிற்கும்.