63 ஆம்பியர் கௌரவம்

தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள ஆனைகட்டியில் வீடு கட்டுகிறவருக்கு மின்சாரத்தில் ஒரு விசித்திரம் காத்திருக்கிறது. எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், சிங்கிள் ஃபேஸ் இணைப்புக்கு நெடுங்காலமாக 4 கிலோவாட்தான் வரம்பு. மனை சற்றே தள்ளி அட்டப்பாடிப் பக்கம் அமைந்துவிட்டால் கேரள மின்வாரியமான கே.எஸ்.இ.பி. 5 கிலோவாட் வரை விடும். சோதனைச் சாவடியைத் தாண்டியதற்கு ஒரு இஸ்திரிப் பெட்டி லாபம். ஆனால் இரண்டு பக்கத்துக்காரரும் தடாகம் ரோடு வழியாக பஸ் பிடித்துக் கோயம்புத்தூர்க் கடையில் இறங்கியதும் கேட்பது ஒன்றையேதான்: “இருக்கிறதிலயே பெரிய மெயின் சுவிட்சா குடுங்க.” கடைக்காரர் 63 ஆம்பியரை எடுத்து வைக்கிறார். வாங்குகிறவர் முகத்தில் பத்திரம் பதிந்த திருப்தி.

திருப்தியில் எனக்கு ஆட்சேபம் இல்லை, கணக்கில்தான். 5,000 வாட்ஸை 240 வோல்ட்டால் வகுத்தால் 21 ஆம்பியருக்கும் சற்றுக் குறைவு; 4,000 என்றால் 17கூடத் தேறாது. 63 ஆம்பியர் என்பது 15 கிலோவாட்டுக்கான வாசல். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் கீசரையும் (2,000), ஒருவர் இண்டக்‌ஷன் அடுப்பையும் (1,800), ஒருவர் இஸ்திரிப் பெட்டியையும் (1,000), ஒருவர் ஒரு எச்.பி. மோட்டாரையும் (746) பேசி வைத்தாற்போல ஒன்றாகப் போட்டாலும் 5,546 வாட்ஸ்தான். கேரள வரம்பையே மீறிய இந்தக் குடும்பச் சதிக்கும் 23 ஆம்பியர் போதும். 32 ஆம்பியர் மெயின் சிரித்துக்கொண்டே தாங்கும். மீதி 31 ஆம்பியர் வெறும் அலங்காரமாக இருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் மீட்டரிலிருந்து வரும் 6 சதுர மில்லிமீட்டர் ஒயர் 63 ஆம்பியரைத் தாங்காது. மெயின் விழலாமா வேண்டாமா என்று யோசிக்கும் நேரத்தில் ஒயர் சூடாகித் தன் முடிவைத் தானே எடுத்துவிடும்.

“நாளைக்கு ஏ.சி. வரும், கரண்ட் ஸ்கூட்டர் வரும், சோலார் வரும். அப்போது என்ன செய்வது?” என்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் பெரிய ஆம்பியர் அல்ல, பெரிய பெட்டி. மெயினை மாற்றுவது எலக்ட்ரீஷியன் டீ ஆறுவதற்குள் முடிக்கிற வேலை. சுவரில் பதித்த அந்தப் பெட்டியை, அதாவது டிபி பாக்ஸை, மாற்ற கொத்தனார், பெயின்டர், வீட்டுக்காரம்மாவின் பொறுமை மூன்றும் வேண்டும். எனவே இடங்களை எண்ணுங்கள். இந்தியத் தரநிலைப்படி லைட், ஃபேன் சர்க்யூட் ஒன்றில் 10 பாயிண்ட் அல்லது 800 வாட்ஸ் வரைதான். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு அதில் இரண்டு, சமையலறைக்கு இரண்டு, கீசர், மோட்டார், ஏ.சி., இன்வெர்ட்டருக்கு ஒவ்வொன்று. எட்டு ஆயிற்றா? ஐப்பசி இடி மழைக்கு இந்த மலையடிவாரத்தில் சர்ஜ் அரெஸ்டர் ஒன்று வைப்பது புத்திசாலித்தனம்; அதற்கும் இடம் வேண்டும். இரண்டு மூன்றைச் சும்மா விடுங்கள். ஆக 12 இடம், கடை மொழியில் 12 வே. அந்த 12-இல் மெயினுக்கும் கசிவைக் கண்டு விழும் ஆர்.சி.சி.பி.க்கும் உள்ள இடம் சேர்த்தியா என்று கேளுங்கள். சில கம்பெனிகள் சேர்த்துச் சொல்லும், சில சேர்க்காது.

அடுத்த ஆட்சேபம் அனுபவசாலிகளுடையது: “அடிக்கடி டிரிப் ஆகுது, 16 ஆம்பியர் எம்.சி.பி.யை எடுத்துட்டு 32 போடு.” காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைக்கிற வைத்தியம் இது. ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் போடும் எம்.சி.பி. காப்பது மிக்ஸியை அல்ல, சுவருக்குள் ஓடும் ஒயரை. 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு 32 ஆம்பியர் போட்டால் சுவரே கீசர். மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கூடுதல் கரண்டில் விழுகிறது என்றால் அதே ஆம்பியரில் ‘சி’ வகை எம்.சி.பி. கேட்டு வாங்குங்கள். ஆர்.சி.சி.பி. விழுவது வேறு கதை. எங்கோ கரண்ட் கசிகிறது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழுந்து உயிர்காக்கும் அதை, தொல்லை தாங்காமல் பைபாஸ் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். டைல்ஸுக்கு லட்சம் கொடுத்துவிட்டு ஆர்.சி.சி.பி.க்குப் பேரம் பேசுகிறவர்களும் இவர்களேதான்; யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழுவார்கள்.

கடைக்குக் கிளம்பும் முன் வீட்டில் ஓடப்போகிற சாமான்களின் வாட்ஸை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். சீட்டைப் பார்த்த பிறகும் 63-ஐ எடுத்து நீட்டினால் அடுத்த கடைக்கு நடங்கள்.