பூனைக்குக் காவல் நாயா, மாப்ளே?

வா மாப்ளே, திண்ணையில உக்காரு. வீட்ல நாய் இருக்கு, இனிமே பூனைக்கும் முயலுக்கும் பயமில்லன்னு பெருமையடிச்சிட்டுத் திரியிறியாமே? செல்போன்ல ஒரு நாய் பூனைக்குட்டிய நக்குறதப் பாத்து நீ கண்ணு கலங்குனதா என் தங்கச்சி சொன்னா. அவ காய்ச்சல்ல கெடந்தப்ப இந்தக் கண்ணீர் எங்க போச்சுன்னும் சேத்துத்தான் கேட்டா. அத விடு.

அந்தப் பாசம் பொய்யின்னு மாமன் சொல்லல. நிசந்தான். நாய்க்குட்டி 3-ம் வாரத்துலருந்து 12, 14 வாரம் வரைக்கும் யார் கூட மோந்து, உருண்டு, ஒட்டிப் படுத்து வளருதோ அவுகதான் அதுக்குச் சாதிசனம். இத்தாலி மரெம்மா, துருக்கி கங்கால்னு ஆட்டுக்காவல் நாய்க இருக்கே, அதுகள பால்குடி மறந்ததும் பட்டியிலயே போட்டு வளக்காக. பெறகு ஓநாய் வந்தாலும் ஆட்ட விட்டு நகராது.

ஆஸ்திரேலியாவுல வார்ணம்பூல்னு ஒரு ஊரு. கரையோரமா மிடில் ஐலண்டுன்னு சின்னத் தீவு. கடல் வத்துற நேரமாப் பாத்து நரி நடந்தே போயி, நூத்துக்கணக்குல இருந்த குட்டிப் பென்குயின்கள பத்துக்கும் கீழ கொண்டாந்துருச்சு. கோழி வளக்குற சம்சாரி ஒருத்தரு, என் கோழியக் காக்குற நாய் இதக் காக்காதான்னு கேட்டாரு. 2006-ல மரெம்மா நாய்களக் கொண்டுபோயி விட்டாக, பென்குயின் பெருகிருச்சு. 2015-ல அத சினிமாவாவும் எடுத்துட்டாக. சினிமா வந்த பெறகு நடந்தத எவன் சொல்றான்? 2017-ல நாய்க தீவுல இல்லாத நேரத்துல நரி புகுந்து நூத்துக்கு மேல கடிச்சுப் போட்டுருச்சு.

இப்ப உன் கதைக்கு வாரேன். நீ வாங்குனது என்ன நாயி? சிப்பிப்பாறை. அதுவும் வளந்த நாயி. முயல் விரட்டுறதுக்குன்னே நம்ம பாட்டன் பூட்டன் பொறுக்கிப் பொறுக்கி வளத்த வம்சம். அத முயல் கூண்டுக்கு முன்னால கட்டிப்போட்டுட்டு, "மாமா, கண் கொட்டாம காவல் காக்குது"ங்கிற. வால் வெறைச்சு, ஒடம்பு அசையாம, வாய மூடிக்கிட்டுப் பாத்தா அதுக்குப் பேரு காவலா? கூண்டு எப்பத் தொறக்கும்னு பாக்குது மாப்ளே. ஒடம்பத் தளத்தி, மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் பக்கத்துல படுத்துத் தூங்குச்சுன்னா அப்ப வந்து சொல்லு, நானும் கண்ணு கலங்குறேன்.

அப்புறம், பூனைகிட்ட யாரு போனாலும் உறுமுதுன்னியே. நானும் பாத்தேன். பூனை உக்காந்திருந்தது சோத்துத் தட்டுக்குப் பக்கத்துல. நாய் காத்தது கறித்துண்ட.

பூனையோட ஒரே சாக்குல தூங்குற நாயிகூட அடுத்த வீட்டுப் பூனையக் கண்டா தெருக்கோடி வரைக்கும் தொரத்தும். தன் வீடு, பெறத்தியார் வீடுன்னு அதுக்கு அம்புட்டு தெளிவு. எலெக்சன் வந்தா நம்ம சனங்களும் அப்படித்தான்.

சரி, கேலிய விடு. பூனைக்குத் தட்டத் தனியா, ஒசரத்துல வையி. நாய் எட்டாத பரண் ஒண்ணு பூனைக்கு எப்பவும் வேணும். பூனை படுத்த துணிய நாய்க்கும், நாய் படுத்தத பூனைக்கும் மோக்கக் குடு, வாசம் பழகட்டும். கயித்தக் கையில பிடிச்சுக்கிட்டுத்தான் ரெண்டையும் எதிரெதிர விடணும், அதுவும் கொஞ்ச நேரந்தான். நாய் பூனையப் பாத்துட்டு உன் பக்கம் திரும்புனா உடனே ஒரு துண்டு கறி குடு. அவசரப்படாத, மாசக்கணக்கு ஆகலாம்.

முயலுக்கு மட்டும் இந்த வைத்தியமெல்லாம் வேண்டாம். சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போறேல்ல, கூண்டுக்கு நல்ல இரும்புக் கொக்கி ஒண்ணு வாங்கியா. மாமனே மாட்டித் தாரேன்.